தனிமைப்படுத்தலைத் தாங்க வைப்பது எது? ஜெரஜா தீவிலிருந்து மஸ்ஜித் இந்தியா வரை



"தனிமைப்படுத்தல் காலத்தைச் சிலர் எளிதாகக் கடந்து வருகிறார்கள். சிலர் உடைந்து போகிறார்கள். ஏன்?" இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கட்டுரைகள் ஒரே மாதிரிதான் வரும். மன உறுதி, நேர்மறைச் சிந்தனை, இறை நம்பிக்கை, குடும்ப ஒற்றுமை என்று நாலு கருத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, கடைசியில் ஒரு பழமொழி. அவ்வளவுதான். புள்ளியும் கிடைத்துவிடும்.

அந்தப் பதில் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது பாதிப் பதில். மன உறுதிதான் காரணம் என்றால், உடைந்து போனவர் மன உறுதி இல்லாதவர் என்று ஆகிவிடுகிறது. இன்று படிவம் 4, 5 வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் 2020-இல் தொடக்கப்பள்ளி மாணவர்கள். மூன்றறை அடுக்குமாடி வீட்டில் ஆறேழு பேரோடு இருந்து, ஒரே கைப்பேசியை அண்ணன் தங்கையோடு பங்கு போட்டுப் படித்தவர்கள் அவர்களில் உண்டு. அந்த வருஷம் படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து "உனக்கு மன உறுதி போதவில்லை" என்று சொன்னால், அது வரலாற்றுப்படியும் சரியில்லை, நியாயப்படியும் சரியில்லை.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: ஒருவர் எவ்வளவு தாங்குகிறார் என்பதை அவருடைய குணத்தைவிட, அவரைப் பிரித்து வைத்தவர்கள் செய்து கொடுத்த ஏற்பாடுகளே அதிகமாகத் தீர்மானிக்கின்றன. எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியுமா? சாப்பாடு ஒழுங்காக வருமா? வருமானம் நிற்குமா, தொடருமா? உண்மையான தகவல் யார் வாயிலிருந்து வருகிறது? கூட யார் இருக்கிறார்கள்? வெளியே வந்த பிறகு ஊர் எப்படிப் பார்க்கும்? இதற்குச் சான்று தேடி எங்கேயோ போக வேண்டியதில்லை. நம் நாட்டு வரலாற்றில், அதுவும் கிள்ளான் பள்ளத்தாக்கில், நிறையவே கிடக்கிறது.

சொல்லில் ஓர் எண்

1377-இல் ரகுசா என்ற துறைமுக நகரம் (இன்று குரோஷியாவில் உள்ள துப்ரோவ்னிக்) ஒரு விதி கொண்டு வந்தது. கொள்ளைநோய் பரவிய ஊர்களில் இருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். பிறகு அது 40 நாளாக நீண்டது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் 'குவாரண்டைன்' பிறந்தது, மலாயில் 'குவாரந்தின்' ஆனது. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓர் எண் இருப்பதைக் கவனியுங்கள். முடிவு நாள் தெரிந்த காத்திருப்புக்கு வைத்த பெயர் அது.

தமிழில் நாம் 'தனிமைப்படுத்தல்' என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் கொஞ்சம் ஏமாற்றும் சொல். ஏனென்றால் வரலாற்றில் பெரும்பாலானோர் பட்ட கஷ்டம் தனிமை இல்லை, நெருக்கடி. கப்பல் தளத்திலும் முகாம் கொட்டகையிலும் தொழிலாளர் விடுதியிலும் ஒருவர் தனியாக இருக்க ஒரு மூலைகூட கிடைத்ததில்லை. தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் இன்னொரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஆரோக்கியமானவரை வைப்பது ஒன்று. நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது வேறொன்று. இரண்டும் மனத்தைச் சோதிக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இங்கே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

ரப்பர் தோட்டத்துக்கு முன்னால் ஒரு முகாம்

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளியின் கதையை நாம் வழக்கமாகக் கப்பலில் தொடங்கி நேராகத் தோட்டத்து லயத்துக்குப் போய்விடுகிறோம். நடுவில் ஒரு முகாம் உண்டு. பாடம் நடத்தும்போது பெரும்பாலும் அது விட்டுப்போகும்.

1907-இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளர் கணக்குக்கு ஏற்ப ஒரு தொகையை அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். அதிலிருந்து கப்பல் பயணச் செலவு, வழிச் சாப்பாடு, முகாம் செலவு எல்லாம் கொடுக்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பக்கம் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள். அங்கே மருத்துவச் சோதனை, அம்மைத் தடுப்பூசி, கப்பலுக்குக் காத்திருத்தல். பிறகு ஏறக்குறைய ஒரு வாரக் கடல் பயணம். இந்தப் பக்கம் வந்தால் பினாங்குக்கு அருகில் ஜெரஜா தீவு, இல்லையென்றால் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம். அங்கே மறுபடியும் சோதனை, துணிமணிகளைக் கிருமி நீக்குதல், காத்திருத்தல். கப்பலில் யாருக்காவது காலராவோ அம்மையோ கண்டிருந்தால் காத்திருப்பு இன்னும் நீளும். இந்த முகாம் வாழ்க்கை பெரும்பாலும் டெக் பயணிகளுக்குத்தான். காசு கொடுத்து அறையெடுத்து வந்தவருக்கு அந்தக் கொட்டகை அவ்வளவாகப் பழக்கமில்லை. நம் தாத்தா பாட்டிமார் 'ரஜூலா கப்பல்' என்று சொல்வார்களே, 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலிலும் ஆயிரக்கணக்கானோர் டெக் பயணிகளாகத்தான் வந்தார்கள்.

இந்த மக்கள் அதை எப்படித் தாங்கினார்கள்? இரண்டு காரணங்கள் அவர்களுக்குத் துணை நின்றன. முதலாவது, கூட இருந்தவர்கள். கங்காணி தன் சொந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் ஆள் சேர்ப்பதுதான் வழக்கம். அதனால் முகாமில் பக்கத்தில் படுத்திருப்பவர் பெரும்பாலும் மாமனோ மச்சானோ ஒரே தெருக்காரரோதான். மொழி தெரியாத கரையில் இது சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது, சோறு. நிதியிலிருந்து உணவு வந்ததால் காத்திருக்கும் நாட்களுக்குக் கையிலிருந்து காசு போகவில்லை.

துணை இல்லாமல் போனது தகவல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வெளியுலகச் செய்தி வந்து சேரும் ஒரே வாய் கங்காணியின் வாய். தோட்டம் எப்படி, கூலி எவ்வளவு, எப்போது வெளியே விடுவார்கள் எல்லாம் அவர் சொல்வதுதான். தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கும் ஒருவரிடம் கேட்டுத்தான் தன் எதிர்காலத்தை அறிய வேண்டும் என்றால், அந்தத் தகவல் எந்த அளவுக்கு மனத்துக்கு நிம்மதி தரும்? அக்கால ஆண்டறிக்கைகளைப் படிக்கும்போது மாணவர்கள் இதையும் கவனிக்கலாம். எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேருக்கு ஊசி போட்டார்கள் என்ற தலைக்கணக்குதான் அறிக்கை எழுதியவருக்கு முக்கியம். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர் அங்கே எழுதுபவர் இல்லை.

இடமும் ஒரு காரணம். போர்ட் சுவெட்டன்ஹாம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சில மாதத்துக்குள் மலேரியா அங்கிருந்த தொழிலாளர்களை வாரிச் சுருட்டியது. சதுப்பு நிலத்தில் துறைமுகம் கட்டினால் வேறென்ன நடக்கும்! கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி, புதர் அழித்து, சதுப்பை மேடாக்கிய பிறகுதான் காய்ச்சல் தணிந்தது. 'திடமாக இரு' என்று தொழிலாளிக்கு அறிவுரை சொல்லி அந்தக் காய்ச்சலை யாரும் குறைக்கவில்லை. மண்வெட்டிதான் குறைத்தது. இது தனிமைப்படுத்தல் பற்றிய செய்தி இல்லைதான். ஆனாலும் நம் வாதத்துக்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே காலத்தில் இந்தியாவில் வேறொரு காட்சி. 1897-இல் பிளேக் நோய் பரவியபோது, புனே நகரில் படைவீரர்களை வீடு வீடாக அனுப்பிச் சோதனை போட்டார்கள். நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூசையறை, சமையலறை என்று பார்க்காமல் நுழைந்தார்கள், பெண்களைப் பொது இடத்தில் சோதித்தார்கள் என்ற கோபம் ஊரெங்கும் பரவியது. அந்தப் பணிக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி ராண்ட், 22 ஜூன் 1897 இரவு, சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டு, சில நாட்களில் இறந்தார். நோயைத் தடுப்பது என்ற நோக்கம் சரியானதே. செய்த விதம், நோயைவிட அதிகாரியைக் கண்டு பயப்பட வைத்தது.

எண் இல்லாத காத்திருப்பு: சுங்கை பூலோ

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஜாலான் டிராவர்ஸ் என்று ஒரு சாலை இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள்கூட அந்தப் பெயர் யாருடையது என்று யோசித்திருக்க மாட்டார்கள். அவர் எர்னஸ்ட் டிராவர்ஸ், சிலாங்கூரில் பணியாற்றிய அரசாங்க மருத்துவர். அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளை வைத்திருந்த விடுதிகள் சிறைக்கூடம் போலத்தான் இருந்தன. 1920களில் கோலாலம்பூர் தொழுநோய் விடுதியில் பணி செய்த டிராவர்ஸ், வாழ்நாள் முழுக்க அடைத்து வைக்கப்படும் மனிதர்களுக்குச் சிறை வேண்டாம், ஓர் ஊர் வேண்டும் என்று வாதாடினார்.

1926-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் வந்த சட்டம், தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கச் சொன்னது. 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. 562 ஏக்கர் பள்ளத்தாக்கு. நீண்ட கொட்டகைகளுக்குப் பதிலாகத் தோட்டத்தோடு கூடிய சிறு சிறு வீடுகள். பள்ளிக்கூடம், சந்தை, விளையாட்டுத் திடல், மண்டபம். இந்துக் கோவில், பள்ளிவாசல், தேவாலயங்கள், சீனக் கோவில். நோயாளிகளே ஆசிரியர், தாதி, காவலர், தோட்டக்காரர். 1930களில் வெளியே செல்லாத தனிப் பணத்தாள்கூட கொஞ்ச காலம் புழங்கியது. பணத்தில் நோய் ஒட்டும் என்ற பயம்தான் அதற்குக் காரணம், பிறகு அது தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அதிகபட்சமாக 2,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தார்கள். சீனர்கள் அதிகம், மலாய்க்காரர்களும் தமிழர்களும் இருந்தார்கள். 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்ற பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

வேலை என்ற ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். நோய் வந்து கைவிரல் மடங்கிய ஒருவர், வெளியுலகத்தில் பிச்சை எடுக்க வேண்டியவர். உள்ளே அவர் பள்ளியில் பாடம் நடத்துகிறார், அல்லது மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். அதற்குச் சிறு சம்பளமும் உண்டு. காலையில் எழுந்தால் தன்னைத் தேடி யாரோ வருவார்கள் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. 'நோயாளி' என்ற அடையாளத்துக்குப் பக்கத்தில் 'வாத்தியார்' என்ற இன்னோர் அடையாளம். அடைபட்டு வாழ்ந்தவர்களைத் தாங்கி நிறுத்தியவற்றில் இதற்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

இன்னொன்று, அங்கே காதலும் கல்யாணமும் நடந்தன. வெளியே குடும்பத்தை இழந்தவர்கள் உள்ளே குடும்பம் கட்டினார்கள்.

ஆனால் இதோடு நிறுத்தினால் சுங்கை பூலோவைப் பற்றி இனிப்பான கதை சொன்னது போல் ஆகிவிடும். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடம் விட்டு வைக்கவில்லை. பிறந்த சில காலத்திலேயே பிரித்து, குழந்தைகள் இல்லத்துக்கோ உறவினருக்கோ தத்துக்கோ கொடுத்தார்கள். குழந்தைக்கு நோய் ஒட்டக்கூடாது என்பது காரணம். தோட்டம், வீடு, சந்தை, கோவில் எல்லாம் கொடுத்த அதே நிர்வாகம் தாயின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தது. எவ்வளவோ நல்ல ஏற்பாடுகள் இருந்தும் அந்த ஒன்றை யாராலும் ஈடு செய்ய முடியவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, வளர்ந்துவிட்ட பிள்ளைகள் பெற்றவர்களைத் தேடி அங்கே வந்த கதைகள் இன்று பதிவாகியிருக்கின்றன. மன உறுதியைப் பற்றி எழுதும் மாணவர் இந்தத் தாய்மாரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

முடிவு நாளும் கிடையாது. குவாரண்டைன் என்ற சொல்லுக்குள் இருந்த அந்த எண், இங்கே இல்லை. தொடக்கத்தில் இருந்த மருந்து சால்மூக்ரா எண்ணெய்தான். நம் சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து எண்ணெய் என்பார்களே, அதே இனத்தைச் சேர்ந்தது. ஊசியாகப் போட்டால் வலி உயிர் போகும், பலன் நிச்சயமில்லை. 1940களின் இறுதியில் சல்போன் வகை மருந்துகள் வந்த பிறகுதான் 'குணமாகி வெளியே போகலாம்' என்ற பேச்சே உண்மையானது.

அப்போது நடந்ததுதான் வரலாற்று மாணவர் ஆழமாக யோசிக்க வேண்டிய இடம். கதவு திறந்தது, ஆனால் பலர் போகவில்லை. போன சிலரும் திரும்பி வந்தார்கள். வீட்டில் அவர்களுக்கு இடமில்லை, வேலை கொடுக்க ஆளில்லை, முகத்திலும் கையிலும் இருந்த தழும்பு நோய் போன பிறகும் பேசியது. 1969-இல் ஜெரஜா தீவைச் சிறைத் தீவாக மாற்றியபோது, அங்கே எஞ்சியிருந்த தொழுநோயாளிகளையும் சுங்கை பூலோவுக்குத்தான் கொண்டு வந்தார்கள். ஊர் திரும்புதல் என்ற பேச்சு அவர்களுக்கும் இல்லை. 2007-இல் குடியிருப்பின் ஒரு பகுதி பல்கலைக்கழகக் கட்டடத்துக்காக இடிக்கப்பட்டபோது, ஒரு தடவை வீட்டை விட்டு வந்த முதியவர்கள் இரண்டாவது தடவையும் வீட்டை இழந்தார்கள். ஆக, அடைபட்டிருக்கும் காலத்தை மட்டும் பார்த்தால் போதாது. 'பிறகு என்ன?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாதவருக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கனமானது.

2020: எல்லோருக்கும் வந்த முறை

சுங்கை பூலோ குடியிருப்புக்குப் பக்கத்திலேயே நிற்கும் சுங்கை பூலோ மருத்துவமனைதான் 2020-இல் கோவிட் நோயாளிகளுக்கான முதன்மை மருத்துவமனை ஆனது. வரலாறு சில சமயம் இப்படி ஒரே தெருவில் சுற்றிச் சுற்றி வருகிறது.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18 மார்ச் 2020-இல் தொடங்கியது. முதலில் 31 மார்ச் வரை என்றார்கள். பிறகு 14 ஏப்ரல். பிறகு 28 ஏப்ரல். பிறகு 12 மே. நோயின் போக்குத் தெரியாத நிலையில் அரசுக்கு வேறு வழி இருந்திருக்காது என்பது என் கருத்து. ஆனால் வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒவ்வொரு நீட்டிப்பும் புதிதாக அடைபட்டது போலத்தான். அந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுத வேண்டிய மாணவர்களைக் கேளுங்கள். வழக்கமாக நவம்பரில் வர வேண்டிய தேர்வு, 6 ஜனவரி 2021-க்குப் போனது, பிறகு 22 பிப்ரவரிக்குப் போனது. படித்ததை மறக்காமல் வைத்திருப்பதைவிட, எந்த நாளுக்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் படிப்பதுதான் அவர்களைக் களைப்பாக்கியது. ஓட்டப் பந்தயத்தில் கோட்டைத் தள்ளித் தள்ளி வைத்தால், நல்ல ஓட்டக்காரனுக்கும் கால் தளரும்.

ஏழு நாளும் வெளியே போகக்கூடாது என்பது மட்டும் பிரச்சினை இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் தோட்டம் வைத்த வீட்டில் இருந்தவரும், கோலாலம்பூர் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடியில் ஏறக்குறைய 700 சதுர அடியில் மூன்று தலைமுறையோடு இருந்தவரும் ஒரே ஆணைக்குத்தான் கட்டுப்பட்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய முடிந்தவருக்குச் சம்பளம் வந்தது. நாள்கூலிக்காரருக்கும் அங்காடிக் கடைக்காரருக்கும் நின்றது. 4,000 ரிங்கிட்டுக்குக் குறைவான வருமானக் குடும்பங்களுக்கு அரசு 1,600 ரிங்கிட் பரிவு உதவி அறிவித்தது பலருக்கு மூச்சு விட நேரம் கொடுத்தது. 2021 ஜூனில் நாடு மறுபடி முடங்கியபோது, உதவி தேவைப்படுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் பரவியது. ஒரு துண்டுத் துணி, கேள்வி எதுவும் கேட்காமல் அக்கம்பக்கத்தார் அரிசியும் எண்ணெயும் கொண்டு வந்து வைத்தார்கள். கைநீட்டிக் கேட்பதற்குக் கூச்சப்பட்டே பட்டினி கிடக்கும் குணம் நம்மவரிடம் உண்டு. அந்தக் கூச்சத்தைப் புரிந்துகொண்ட ஏற்பாடு என்பதால் அது வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

மஸ்ஜித் இந்தியா வட்டாரம் வேறு கதை. அங்கே சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்று இரண்டு பழைய கட்டடங்கள். 7 ஏப்ரல் 2020 முதல் அவற்றைச் சுற்றி முள்கம்பி போட்டுக் கடுமையாக்கப்பட்ட ஆணை அமலுக்கு வந்தது. ஏறக்குறைய 6,000 பேர் வாழ்ந்தார்கள். அதிகம் பேர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சாப்பாட்டுக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் வேலை பார்க்க வந்தவர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் அவர்களில் உண்டு. நலத்துறையும் தன்னார்வலர்களும் உணவு கொண்டு போனார்கள். கட்டுப்பாடு சுற்றியிருந்த தெருக்களுக்கும் விரிந்தது. ஆவணம் இல்லாதவர்கள் பயப்படாமல் பரிசோதனைக்கு வரலாம் என்று மார்ச்சில் அரசு சொல்லியிருந்தது. மே 1 அன்று அதே வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. குடிநுழைவுச் சட்டம் பற்றிய விவாதம் வேறு, அதற்கு இது இடமில்லை. நம் கேள்விக்கு மட்டும் பதில் தேடினால், 'பயப்படாதே' என்ற சொல்லை நம்பியவர் அடுத்த முறை நம்புவாரா என்பதுதான் விஷயம். நம்பிக்கை என்பது ஒருவர் மனத்துக்குள் தானாக ஊறும் ஊற்று இல்லை. எதிரே இருப்பவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றக் காப்பாற்றத்தான் அது சேரும்.

அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான், மேருவில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று. நெருக்கமான விடுதிகள்தான் அங்கே பேசுபொருள் ஆயின. தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 446-ஆம் சட்டம் அப்போதுதான் பலர் காதில் விழுந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய முகாம் கொட்டகையை இதோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரைக் கேள்வி தயாரிக்கலாம்.

ஆய்வு என்ன சொல்கிறது?

2020 பிப்ரவரியில் தி லான்செட் மருத்துவ இதழில் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். சார்ஸ், எபோலா முதலிய நோய்க் காலங்களில் தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய 24 ஆய்வுகளை அலசினார்கள். வயது, கல்வி, ஆண் பெண் போன்ற தனிநபர் இயல்புகளை வைத்து யார் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்று சொல்ல முயன்றால் சான்றுகள் முன்னுக்குப் பின் முரணாக இருந்தன. மனத்தை வருத்தியவை என்று தெளிவாகத் தெரிந்தவை வேறு: நீண்ட காலம், தொற்றிவிடுமோ என்ற பயம், சலிப்பு, அத்தியாவசியப் பொருள் பற்றாக்குறை, போதாத தகவல், பிறகு வரும் பண நெருக்கடி, பழிப்பார்வை. 2003 சார்ஸ் காலத்தில் கனடாவின் டொரோண்டோவில் 129 பேரிடம் செய்த ஆய்விலும் 100-க்கு ஏறக்குறைய 29 பேரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள், 31 பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் தெரிந்தன. 10 நாளுக்கு மேல் இருந்தவர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் பாதிப்பு அதிகம். இந்தப் பட்டியலை எடுத்து ஜெரஜாவுக்கும் சுங்கை பூலோவுக்கும் பொருத்திப் பாருங்கள், புதிதாக எதுவும் இல்லை என்று தெரியும்.

பழிப்பார்வை பற்றி ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்டில் கெடாவில் ஒரு தொற்றுத் தொடருக்குச் 'சிவகங்கை கிளஸ்டர்' என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் இருந்து திரும்பிய ஓர் உணவகக்காரர் வீட்டுத் தனிமைப்படுத்தலை மீறியதால் பரவியது. அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. மீறியது தப்பு, தண்டனை கிடைத்தது. ஆனால் சிவகங்கைச் சீமை என்றால் வேலு நாச்சியாரையும் மருது சகோதரர்களையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நமக்கு, செய்தியில் அந்த ஊர்ப் பெயர் ஒரு நோயின் பெயராக ஒலித்தது. அங்கே வேர் உள்ள குடும்பங்கள் இங்கே எத்தனையோ. நோய்க்கு ஊர்ப் பெயரோ இனப் பெயரோ வைக்கக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-லேயே வழிகாட்டியது சும்மா இல்லை. தன் மேல் இப்படி ஒரு பெயர் விழும் என்று பயப்படுபவர் அறிகுறியை மறைப்பார், பரிசோதனைக்குப் போகமாட்டார்.

வகுப்பறைக்கு

இதைப் படிவம் 4, 5 மாணவர்களோடு நடத்த இரண்டு பாடவேளை போதும். முதல் வேளையில் மூன்று இடங்களை மட்டும் எடுங்கள்: துறைமுக முகாம், சுங்கை பூலோ, மஸ்ஜித் இந்தியா. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இடம். "அங்கே இருந்தவருக்கு முடிவு நாள் தெரியுமா? தகவல் யார் வழியாக வந்தது? அவருக்கு உள்ளே என்ன வேலை இருந்தது? வெளியே வந்த பிறகு என்ன ஆனது?" இந்த நாலு கேள்விக்கும் சான்றோடு பதில் எழுதச் சொல்லுங்கள். கட்டுரையில் 'மன உறுதி' என்ற சொல்லைத் தடை செய்ய வேண்டாம். ஆனால் அதை எழுதும் மாணவர், அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று ஒரு வாக்கியமாவது சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். 'நிறைய', 'மிகவும்' என்று எழுதும் இடத்தில் ஆண்டும் எண்ணும் கேளுங்கள்.

இரண்டாவது வேளைக்கு முன் வீட்டுப் பாடம்: வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் 2020-ஐப் பற்றிப் பேட்டி. தாத்தா பாட்டி கப்பலில் வந்தவர்களாகவோ கேட்டறிந்தவர்களாகவோ இருந்தால் அந்தக் கதையையும் பதிவு செய்யலாம். கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். அரிசி எங்கிருந்து வந்தது? வேலைக்குப் போகாத மாதம் யார் உதவினார்கள்? எந்தச் செய்தியை நம்பினீர்கள்? வசதியுள்ள பள்ளிகள் சுங்கை பூலோ குடியிருப்பில் இருக்கும் காட்சிக்கூடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகலாம். அங்கே இன்னும் சில முதியவர்கள் வாழ்கிறார்கள் என்பதால் படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். வழியில் இருக்கும் பூச்செடிக் கடைகள், முன்னாள் நோயாளிகள் தொடங்கி வளர்த்த தொழில் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பேட்டியைப் பெயர் போடாமல் எழுதிக் கொண்டு வரச் சொல்லுங்கள். வகுப்பில் வாசிக்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், தாளை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.